ஃபேனுக்குக் கீழே படுத்திருந்தும் நாய் ஏன் இரைக்கிறது?

மே மாத மதியம். ஹாலில் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது. சோபாவில் இருப்பவருக்கு அது போதுமானதாக இருக்கிறது. ஆனால் அதே ஃபேனுக்கு நேர் கீழே, தரையில் நான்கு காலையும் பரப்பிப் படுத்திருக்கும் நாய் நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துக்கொண்டே இருக்கிறது. வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டது, நிழலில்தான் இருக்கிறது, காற்றும் வருகிறது. அப்புறம் ஏன் இந்த இரைப்பு? சென்னையில் புதிதாக நாய் வளர்க்கத் தொடங்கியவர்கள் முதல் கோடையிலேயே கேட்கும் கேள்வி இது. இதற்கான பதில் பிடிபட்டுவிட்டால் எந்த நேரத்தில் வாக்கிங் போவது, ஏசி வேண்டுமா கூலர் போதுமா, முடியை மழிக்கலாமா, மயங்கி விழுந்தால் முதலில் என்ன செய்வது என்று மற்றவற்றுக்கும் பாதி பதில் தானாகக் கிடைத்துவிடும்.

நமக்குத் தோல், நாய்க்கு நாக்கு

நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். வியர்வை ஆவியாகும்போது தோலின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியாகி உள்ளே இருக்கும் தண்ணீரைக் குளிர வைக்கிறதே, அதே வேலைதான். ஃபேன் அறையின் வெப்பத்தைக் குறைப்பதே இல்லை. நம் தோலில் இருக்கும் ஈரத்தைச் சீக்கிரம் ஆவியாக்குகிறது, அவ்வளவுதான். அதனால்தான் வியர்த்துக்கொண்டு வந்து ஃபேனடியில் உட்கார்ந்ததும் அப்பாடா என்று இருக்கிறது.

நாய்க்கு அப்படி வியர்ப்பதில்லை. அதன் உடலைக் குளிர்விக்கும் வியர்வைச் சுரப்பிகள் பாதத்தின் அடியில் மட்டும்தான் இருக்கின்றன. கால்நடை மருத்துவரின் ஸ்டீல் மேசையில் பயந்துபோய் நிற்கும் நாயைத் தூக்கிய பிறகு மேசையைப் பாருங்கள், நான்கு ஈரப் பாதச் சுவடுகள் தெரியும். அதன் வியர்வை மொத்தமும் அவ்வளவுதான். மற்ற இடமெல்லாம் உலர்ந்த முடி. உலர்ந்த முடியின் மேல் ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் ஆவியாக அங்கே ஒன்றும் இல்லை.

நாய் தன் சூட்டை வெளியேற்றுவது மூச்சால். அதன் மூக்குக்குள் சுருள் சுருளாக மெல்லிய எலும்புகள் உண்டு. அவற்றின் மேல் எப்போதும் ஈரமாக இருக்கும் சவ்வு, அதற்குள் நிறைய ரத்தக் குழாய்கள். மூக்கு வழியாக இழுக்கும் காற்று அந்த ஈரத்தைத் தொட்டு, ஆவியைச் சுமந்துகொண்டு வாய் வழியாக, நீண்டு தொங்கும் நாக்கின் மேலாக வெளியே போகிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 15 முதல் 30 முறை மூச்சுவிடும் நாய், இரைக்கும்போது 200, 300 முறைகூட விடும். அத்தனை வேகத்துக்கும் களைத்துப் போகாமல் இருப்பதற்குக் காரணம், நெஞ்சுக்கூட்டின் இயல்பான துள்ளலுக்கு ஏற்ற வேகத்திலேயே அது இரைப்பதுதான். உண்மையிலேயே அழகான ஏற்பாடு. ஆனால் இந்த ஏற்பாடு முழுக்க ஒன்றை மட்டுமே நம்பி இருக்கிறது. இழுக்கும் காற்று உலர்வாக இருக்க வேண்டும்.

வெயிலைவிடப் புழுக்கத்தைப் பாருங்கள்

நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நம்மைவிடக் கொஞ்சம் கூடுதல். தொட்டால் எப்போதும் கதகதப்பாக இருப்பது இதனால்தான். 'உடம்பு சுடுது, காய்ச்சல்' என்று தொட்டுப் பார்த்துச் சொல்வது நாயைப் பொறுத்தவரை செல்லாது. வெளிக்காற்று 25 டிகிரியில் இருந்தால் உடலின் சூடு தானாகவே காற்றுக்கு இறங்கிவிடும். காற்றே 38, 39 டிகிரியைத் தொட்டுவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. மிஞ்சுவது இரைத்து ஆவியாக்குவது ஒன்றே. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அதுவும் சரியாக நடக்காது. நாய் எவ்வளவு இரைத்தாலும் சூடு இறங்காது. இரைக்கும் தசைகளே சூட்டை உண்டாக்கத் தொடங்கிவிடும்.

சென்னையின் தனிக் குணம் இங்கேதான் வருகிறது. வேலூரில் அனல் கூடுதலாக அடித்தாலும் காற்று உலர்ந்தது. கடலோரச் சென்னையில் தெர்மாமீட்டர் இரண்டு, மூன்று டிகிரி குறைவாகக் காட்டினாலும் புழுக்கம் கொல்லும். மதியம் கடற்காற்று உள்ளே வந்ததும் வெப்பம் கொஞ்சம் தணிகிறது, கூடவே ஈரமும் வருகிறது. கடற்காற்று தாமதமாகும் நாளில் வெயில் ஏறிக்கொண்டே போகும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது.

ஆகவே 'கத்திரி முடிஞ்சாச்சு, இனி பயமில்லை' என்று இருந்துவிடாதீர்கள். ஜூன், ஜூலையிலும் வெயில் இருக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபர் நாட்களில் வெப்பம் 33, 34 என்று காட்டும், நாமும் அலட்சியமாக இருப்போம், நாய் மட்டும் இரைத்துக்கொண்டே இருக்கும். செல்போனில் வானிலை பார்க்கும்போது வெப்பத்தோடு ஈரப்பதம் என்று போட்டிருக்கும் எண்ணையும் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

முகம் சப்பையான நாய்கள்

பக், ஷிட்ஸு, பிரெஞ்சு புல்டாக், பாக்ஸர் மாதிரி முகம் சப்பையான இனங்களைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னை அடுக்ககங்களில் இவைதான் நிறைய. சின்ன உருவம், சமத்து, அதிகம் ஓட்டம் தேவையில்லை என்று வாங்குகிறார்கள். மண்டையோட்டைக் குட்டையாக்கி வளர்த்த இந்த இனங்களில், உள்ளே இருக்கும் சதை அதே அளவுக்குக் குறையவில்லை. நாசித் துவாரம் குறுகல், மூக்குக்குள் குளிர்விக்கும் இடம் கொஞ்சம், அண்ணத்தின் பின்பகுதி நீண்டு மூச்சுக்குழாய் வாசலில் தொங்குகிறது. குளிர்விக்கும் கருவியே பாதி அடைபட்ட நிலையில் பிறக்கிறது.

எங்கள் அடுக்ககத்தில் ஒரு பக் இருக்கிறது. மூன்று மாடி ஏறி வந்தால் அதன் கர்ர் கர்ர் சத்தம் அடுத்த வீட்டுக் கதவுக்குள் கேட்கும். 'அது எப்பவும் அப்படித்தான் சார், தூங்கும்போது என்னைவிட நல்லா குறட்டை விடும்' என்று வீட்டுக்காரர் பாசமாகச் சொல்வார். பாசம் உண்மை. ஆனால் அந்தச் சத்தம் குறுகலான வழியில் காற்று சிரமப்பட்டுப் போகும் சத்தம். இப்படிப்பட்ட நாய் வேகமாக இரைக்கும்போது தொண்டைச் சதை வீங்குகிறது, வீங்கியதும் காற்று இன்னும் குறைகிறது, குறைந்ததும் இன்னும் வேகமாக இரைக்கிறது. சில நிமிடங்களில் நிலைமை கைமீறலாம். சத்தம் அதிகமாக இருக்கும் நாயை மருத்துவரிடம் காட்டுங்கள். நாசித் துவாரத்தையும் அண்ணத்தையும் அறுவை சிகிச்சையால் சரிசெய்ய வழி இருக்கிறது. இந்த நாய்களுக்குக் கழுத்துப் பட்டை வேண்டாம், நெஞ்சைச் சுற்றிப் போடும் ஹார்னஸ்தான் சரி.

உடல் பருமனான நாய், வயதானது, சின்னக் குட்டி, இதய நோய் உள்ளது, இவையும் ஆபத்துப் பட்டியலில்தான். பருமன் என்பது சின்ன விஷயம் இல்லை. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். வீட்டில் ஆளுக்கொரு பிஸ்கட் என்று கொடுப்பதை நிறுத்துவதும் கோடைப் பராமரிப்புதான்.

சென்னையில் பனிப் பிரதேசத்து நாயான ஹஸ்கியை வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் பதில். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் அதன் கோடை முழுவதையும் ஏசி அறையில் கழிக்க வைக்கும் பொறுப்பு உங்களுடையது. ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை போன்ற நம் ஊர் நாய்கள் குட்டை முடி, ஒல்லி உடம்பு, நீண்ட முகம் என்று இந்த வெயிலுக்கு ஏற்ற அமைப்போடு இருக்கின்றன. தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாட்டு நாயும் அப்படியே. அதற்காக அவற்றை உச்சி வெயிலில் ஓட விடலாம் என்று அர்த்தம் இல்லை. வேகமாக ஓடும் நாய்க்குத் தன் தசைகளின் சூடே போதும், சுருண்டு விழ.

முடி விஷயம்: ஹஸ்கி, கோல்டன் ரெட்ரீவர், பொமரேனியன் போன்றவற்றுக்கு இரண்டு அடுக்கு முடி. மேலே நீண்டது, அடியில் பஞ்சு மாதிரி. மேல் அடுக்கு வெயில் நேராகத் தோலில் படாமல் தடுக்கிறது. ஒட்ட மழித்துவிட்டால் அந்தத் தடுப்பும் போகும், திரும்ப முளைக்கும்போது ஒழுங்காக வராமலும் போகலாம். தினமும் சீப்பால் வாரி அடியில் உதிர்ந்து கிடக்கும் பஞ்சு முடியை எடுத்துவிட்டாலே காற்று உள்ளே போகும். அடிவயிற்று முடியை மட்டும் குட்டையாக வெட்டிக்கொள்ளலாம், குளிர்ந்த தரையில் படுக்கும்போது சூடு இறங்க அது உதவும். வாரும்போது காதுக்குப் பின்னாலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், சென்னைப் புழுக்கம் உண்ணிக்கு ரொம்பப் பிடிக்கும்.

வாக்கிங், வீடு, கார்

கோடையில் வாக்கிங் சூரியன் ஏறுவதற்கு முன்பு. அதிகாலையில் ஈரப்பதம் கூடுதலாகத்தான் இருக்கும், ஆனாலும் வெயில் இல்லை, தரை ஆறியிருக்கும். நிதானமாக நடக்க அதுவே நல்ல நேரம். பந்து எறிந்து ஓட வைப்பதை மழைக்காலத்துக்குத் தள்ளி வையுங்கள்.

மாலை 5 மணிக்கு 'வெயில் தாழ்ந்துடுச்சு' என்று கிளம்புவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கோடை வெயிலில் காய்ந்த தார்ச்சாலையின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டிவிடும், சூரியன் சாய்ந்த பிறகும் ஆற நேரம் எடுக்கும். செருப்புப் போட்ட நமக்கு அது தெரியாது. புறங்கையைச் சாலையில் வைத்துப் பாருங்கள். ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. பெசன்ட் நகர் கடற்கரை மணலுக்கும் இதே சோதனைதான். நாய் குட்டை என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் வயிறு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது, சாலையின் அனல் நேராக அங்கே அடிக்கும்.

வாய்க்கவசம் போட வேண்டியிருந்தால், உள்ளேயே வாயைத் திறந்து இரைக்க முடிகிற கூடை மாதிரியானதை வாங்குங்கள். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகையைப் போட்டு வெயிலில் நடத்துவது, நாயின் ஒரே குளிர்விக்கும் வழியை நம் கையாலேயே மூடுவது.

வீட்டுக்குள் என்ன செய்யலாம்? நாயிடம் இல்லாத வியர்வையை நாம் கொடுத்துவிடலாம். கையைத் தண்ணீரில் நனைத்து வயிறு, தொடை இடுக்கு, அக்குள், பாதம் ஆகிய இடங்களில் தோல் நனைகிற மாதிரி தடவி, பிறகு ஃபேனைப் போடுங்கள். இப்போது ஃபேனுக்கு வேலை இருக்கிறது. இரைப்பு மெல்லக் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள்.

ஏசி நல்லதா என்றால் நல்லதுதான், 26, 27 டிகிரியே போதும். அது அறையைக் குளிர்விப்பதோடு காற்றின் ஈரத்தையும் பிழிந்து எடுத்துவிடுகிறது. நாய்க்கு அந்த இரண்டாவது பயன் பெரியது. ஏர் கூலர் இதற்கு நேர் எதிர். அது காற்றில் ஈரத்தைச் சேர்த்துத்தான் குளிர்விக்கிறது. உலர்ந்த ஊர்களில் அருமையாக வேலை செய்யும் அந்தக் கருவி, ஜன்னல் மூடிய சென்னை அறையில் புழுக்கத்தைத்தான் கூட்டும். கூலர் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஜன்னல்களைத் திறந்து வைத்து ஓடவிடுங்கள்.

மேற்கு பார்த்த பால்கனியில் கட்டிப் போடுவது, மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் விடுவது, இரண்டும் கூடவே கூடாது. காலையில் நிழலாக இருந்த இடத்தில் மூன்று மணிக்கு வெயில் வந்துவிடும், கட்டிய நாய் நகர முடியாது. நிறுத்தி வைத்த கார் இதைவிட மோசம். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் 10 டிகிரி ஏறும், அரை மணியில் 20 டிகிரி வரை போகும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிதாக ஒன்றும் மாறாது. 'மருந்துக் கடைக்குத்தானே, இதோ வந்துடறேன்' என்பதற்குக்கூட விடாதீர்கள்.

தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். பத்து கிலோ எடையுள்ள நாய் சாதாரண நாளிலேயே அரை லிட்டருக்கு மேல் குடிக்கும், கோடையில் இன்னும் கூடும். வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் அகலமான கிண்ணம் வையுங்கள், ஒன்றைத் தட்டிவிட்டாலும் இன்னொன்று இருக்கும். கோடையில் சாப்பாடு கொஞ்சம் குறைவது இயல்பு. காலை, இரவு என்று வெயில் இல்லாத நேரத்தில் வைத்தால் சாப்பிடும். வெறும் தயிர்சாதம் ஒத்துக்கொள்கிற நாய்க்குக் கொஞ்சம் கொடுக்கலாம். வெங்காயம் சேர்ந்த எதையும் நாய்க்கும் பூனைக்கும் கொடுக்கக் கூடாது, அது ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். சூடு தணியட்டும் என்று விளக்கெண்ணெய் தடவும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. நாய் அதை நக்கித்தான் தீர்க்கும், பேதியாகும், இருக்கும் நீரும் உடம்பை விட்டுப் போகும்.

பூனை, முயல், பறவை, மீன்

பூனை வெயிலைத் தானே சமாளித்துக்கொள்ளும் சமர்த்து. பாத்ரூம் தரை, சிங்க்கின் அடி, கிரைண்டருக்குப் பின்னால் என்று வீட்டின் குளிர்ந்த மூலையைக் கண்டுபிடித்துவிடும். முடியை நக்கி எச்சிலால் நனைத்துக்கொள்வதும் குளிர்ச்சிக்காகத்தான். அந்த மூலைகளுக்குப் போகும் வழியை மூடாமல் இருந்தால் போதும். பூனை விஷயத்தில் ஒன்றை மட்டும் மனதில் ஆழமாகப் பதித்துக்கொள்ளுங்கள். நாய் இரைப்பது இயல்பு, பூனை வாயைத் திறந்து இரைப்பது இயல்பு இல்லை. குளிர்ந்த இடத்தில் விட்ட பிறகும் அது நிற்கவில்லை என்றால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும், வெப்பமோ இதயமோ நுரையீரலோ ஏதோ ஒன்று சிக்கலில் இருக்கிறது. காற்றுக்காக ஜன்னலைத் திறந்து வைக்கும் மாதங்களில் மாடி வீட்டுப் பூனைகள் விழுவதும் உண்டு. கொசுவலை தாங்காது, கம்பி வலை அடியுங்கள்.

முயல் 30 டிகிரியைத் தாண்டினாலே தவிக்கும். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் வைத்தால் அதன் மேல் சாய்ந்துகொள்ளும். லவ் பேர்ட்ஸ் அலகைத் திறந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்திருந்தால் கூண்டை உடனே நிழலுக்கு மாற்றுங்கள்.

கொளத்தூரில் மீன் வாங்கி வந்து தொட்டி வைத்திருப்பவர்களுக்கு: தண்ணீர் சூடானால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது அதனால்தான். கோடையில் கரண்ட் போனால் காற்றுப் பம்பும் நின்றுவிடும் என்பதால் பேட்டரியில் ஓடும் சின்னப் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. உணவையும் குறைத்துப் போடுங்கள்.

வெப்பத்தாக்கு வந்துவிட்டால்

உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். அதற்கு முன்பே அடையாளங்கள் தெரியும். நிழலுக்கு வந்து பத்து நிமிடம் ஆகியும் இரைப்பு குறையாது. எச்சில் பிசுபிசுவென்று கயிறு மாதிரி தொங்கும். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது செங்கல் நிறத்தில் இருக்கும். அடுத்து தள்ளாட்டம், வாந்தி, பேதி. கூப்பிட்டால் திரும்பாது, கடைசியில் வலிப்பு வரும் அல்லது சுருண்டு விழும்.

முதலில் குளிர்வியுங்கள், பிறகு வண்டி ஏறுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. நிழலுக்குத் தூக்கிவந்து உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றுங்கள், முடி வழியாகத் தோல் நனையும் வரை. மூக்கிலும் வாயிலும் தண்ணீர் போகாமல் தலையை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். மே மாதம் மூன்று மணிக்கு மொட்டை மாடி டேங்க்கிலிருந்து வரும் தண்ணீர் கொதிக்கும். அதற்காகவே கோடையில் பாத்ரூமில் ஒரு பெரிய பக்கெட் எப்போதும் நிரம்பி இருக்கட்டும். ஐஸ் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஊற்றியதும் ஃபேன். நனைத்த துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடுவது தவறு, கொஞ்ச நேரத்தில் துண்டே சூடாகி உள்ளே இருக்கும் சூட்டைப் பூட்டிவிடும். நினைவு இருந்தால் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கக் கொடுக்கலாம், நினைவு இல்லாத நாயின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

காய்ச்சல் மாத்திரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். இது காய்ச்சல் இல்லை, மாத்திரை இதில் வேலையே செய்யாது. பாராசிட்டமால் பூனைக்கு விஷம், அரை மாத்திரைகூட உயிரைப் பறிக்கலாம். இபுபுரூஃபன் நாய், பூனை இரண்டுக்கும் ஆபத்து.

வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தால் ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 39.5 வந்ததும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தலாம், அதற்கு மேல் குளிர்வித்தால் வெப்பம் தேவைக்குக் கீழே இறங்கிவிடும். பிறகு ஈர உடம்போடேயே கிளம்புங்கள். ஆட்டோவின் இரண்டு பக்கக் காற்றும் இப்போது உதவிதான்.

வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை ஊரே அறியும். ஆனால் தாம்பரத்திலோ அம்பத்தூரிலோ இருப்பவர் நெரிசல் நேரத்தில் அங்கே போய்ச் சேரும்வரை நாய் காத்திருக்க முடியாது. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எந்த கிளினிக், அது மதிய இடைவேளையில் திறந்திருக்குமா, இரவில் யார் போன் எடுப்பார்கள் என்பதை ஏப்ரலிலேயே கேட்டு எழுதி வையுங்கள்.

எழுந்து வாலாட்டினாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். சிறுநீரகமும் ரத்தம் உறையும் தன்மையும் கெடுவது ஓரிரு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். சிறுநீர் குறைந்தாலோ, கருஞ்சிவப்பாகப் போனாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, தோலில் செம்புள்ளிகள் தெரிந்தாலோ திரும்பவும் உடனே கூட்டிப் போங்கள். ஒருமுறை வெப்பத்தாக்கில் விழுந்த நாய்க்கு மறுபடியும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், அதற்கு மட்டும் கோடைக்கால ஏற்பாடுகளை மார்ச் மாதமே தொடங்கிவிடுங்கள்.